ஒரு ரொக் இசைக்குழுவை எப்படிப் படிப்பது?

வெகுசனப் பண்பாடு கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுக நகரிலிருந்து வந்த நால்வர் இசைக்குழுவான பீட்டில்ஸை முன்வைத்து மலையக வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

தலவாக்கலை, உயர்தர மாணவி: சேர், ஒப்படைக்கு பீட்டில்ஸை எடுத்திருக்கிறேன். பாட்டுக்காரர்களைப் பற்றி எழுதவா பள்ளிக்கூடம் என்கிறார் அப்பா.

1964 பெப்ரவரி 9 இரவு, அமெரிக்காவில் ஏறக்குறைய 7 கோடியே 30 இலட்சம் பேர் தொலைக்காட்சியில் அந்த நால்வரைப் பார்த்தார்கள். அத்தனை பேரை ஒரே நேரத்தில் உட்காரவைத்தது எது? இது வரலாற்றுக் கேள்வி என்று அப்பாவிடம் சொல்லுங்கள், மகள். லிவர்பூல் ஹோப் பல்கலைக்கழகம் 2009இல் இதற்கென்றே முதுகலைப் படிப்பைத் தொடங்கியது.

பண்டாரவளை, ஆசிரியர்: வாழ்க்கை வரலாறுகள் குவிந்து கிடக்கின்றன. எங்கிருந்து தொடங்குவது?

ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் எப்போதும் எடுப்பது தேயிலைப் பெட்டி. பீட்டில்ஸின் ஜோன் லெனன் பள்ளி நாட்களில் அமைத்த முதல் குழுவில், தாழ்ந்த சுரம் எழுப்பும் பேஸ் வாத்தியம் வாங்க வசதியில்லை. வெறும் தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்துவைத்து, அதன்மேல் துடைப்பக் கம்பொன்றை நிறுத்தி, கம்பின் நுனியிலிருந்து பெட்டிக்குக் கயிறு கட்டினார்கள். கம்பைச் சாய்த்தால் கயிறு தளர்ந்து சுரம் இறங்கும். விறைப்பாக இழுத்தால் ஏறும். இங்கும் இந்தியாவிலும் ஸ்டோர்களில், அதாவது தேயிலைத் தொழிற்சாலைகளில், நம்மவர்கள் நிரப்பி அனுப்பியது அத்தகைய பெட்டிகளைத்தான். இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

பெட்டியின் பின்னே போனால் துறைமுகம் வரும், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய கையிறுக்கம் வரும், வேலைக்குப் போய்ச் சொந்தமாகச் செலவழிக்கத் தொடங்கிய இளைஞர்கள் வருவார்கள். பிரித்தானியாவில் 1939 ஒக்டோபர் 1 முதல் பிறந்தவர்களைக் கட்டாய இராணுவ சேவைக்கு அழைக்கவில்லை. லெனன் பிறந்தது 1940இல். சீருடை அணிய வேண்டிய வயதில் நால்வருக்கும் கிட்டார், பறை என்று திரிய நேரம் கிடைத்தது.

நுவரெலியா, வாசகி: பீட்டில்ஸைக் கண்டு பெண்பிள்ளைகள் அலறியது வெறும் பைத்தியம்தானே?

அப்படி எழுதாதீர்கள். அடங்கியிரு என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நடுவீதியில் கூட்டமாகக் கத்தினார்கள். பெண்ணிய ஆய்வாளர்கள் பின்னாளில் இதைப் பெண்களின் கிளர்ச்சிக்கு முன்னறிவிப்பாகவே வாசித்தார்கள். அன்று கேலி செய்தவர்கள் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பதுளை, வாசகர்: பீட்டில்ஸின் ஜோர்ஜ் ஹரிசன் சிதாரைத் தொட்டது திருட்டா, மரியாதையா?

1965இல் ஒரு பாட்டுக்கு நிறம் சேர்க்கத் தொட்டார். அடுத்த ஆண்டு சிதார் மேதை ரவிசங்கரிடம் மாணவராக அமர்ந்தார். 1971 ஓகஸ்ட் 1ஆம் திகதி இருவரும் வங்காள அகதிகளுக்காக நியூயோர்க்கில் நிதி திரட்டினார்கள். என் தீர்ப்பு, மரியாதை. ஹரிசனைப் பார்த்துச் சிதாரை அலங்காரப் பொருளாக்கியவர்களின் கதையைத் தனியே எழுதுங்கள்.

ஹட்டன், இளைஞர்: எங்களுடையது தப்புப் பறை வாசிக்கும் குடும்பம். இந்த ஆய்வு முறை எங்களுக்கு உதவுமா?

கட்டாயம் உதவும், தம்பி. பீட்டில்ஸுடைய டிக்கெட், ஒப்பந்தம், பத்திரிகைத் துணுக்கு எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. தோட்டங்களில் மாசியில் ஆடும் காமன் கூத்துக்கோ பெரியவர்களின் ஞாபகம்தான் ஏடு. மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்திராவிட்டால் தோட்டப் பாடல்கள் பல நம் கைக்கு வந்திரா. மாசியில் தப்பை நெருப்பில் காய்ச்சும்போது பக்கத்தில் உட்காருங்கள். தோல் எங்கே வாங்கினார்கள், கூலி யார் கொடுக்கிறார்கள், எந்தச் சினிமாப் பாட்டின் அடி உள்ளே புகுந்திருக்கிறது என்று கேளுங்கள். அனுமதி பெற்றுக் கைத்தொலைபேசியில் பதிவுசெய்யுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் திகதியையும் தோட்டத்தின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.