வயோமிங்கில் பிராங்ஹார்ன் வேட்டை: கைடு வேண்டுமா, நாமே போகலாமா?

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பிராங்ஹார்ன் இரலை வேட்டைக்கு முதல் தடவை திட்டமிடுபவர்கள் கேட்டவையும் பதில்களும்.

டல்லாஸ் வாசகர்: சார், கைடு இல்லாமல் போனால் ஒன்றைக்கூடப் பார்க்காமல் திரும்ப வேண்டியிருக்குமா?

பதில்: அது நடக்காது. மரமே இல்லாத வெளியில் வெள்ளைப் பிட்டத்தோடு நிற்கும் விலங்கு, நெடுஞ்சாலையில் போகும்போதே கண்ணில் படும். அது யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதுதான் சிக்கல். மாநிலத்தின் கிழக்கே பெரும்பாலும் தனியார் பண்ணைகள். நடுவிலும் தென்மேற்கிலும் பிஎல்எம் (கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைத் துறை) பொதுநிலம் ஏராளம். கைடுக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி பண்ணைக் கேட்டைத் திறக்கத்தான் போகிறது. பொதுநிலம் நிறைந்த பகுதிக்கு டேக் (குலுக்கலில் ஒதுக்கப்படும் வேட்டை அனுமதிச் சீட்டு) கிடைத்தால் கைடு தேவையில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு: பண்ணைக்காரரிடம் நுழைவுக் கட்டணம் மட்டும் கொடுத்துவிட்டு நீங்களே வேட்டையாடலாம்.

வெளிமாநிலத்தவருக்குக் கைடு கட்டாயம் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அந்தச் சட்டம் கூட்டாட்சி அரசு வில்டர்னஸ் (இயற்கை நிலையிலேயே காக்கப்படும் நிலம்) என அறிவித்த பகுதிகளுக்கு மட்டும்தான். அவை பெரும்பாலும் மலைக்காடுகள். பிராங்ஹார்ன் வேட்டைக்காரர் அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை.

சிகாகோ வாசகி: டேக் கிடைத்த பிறகு நிலம் பார்த்தால் போதாதா?

பதில்: பலர் தவறுவது இங்கேதான். குலுக்கலில் சுலபமாகக் கிடைக்கும் பகுதிகளும், குலுக்கல் முடிந்து மிஞ்சும் டேக்குகளும் பெரும்பாலும் தனியார் நிலம் நிறைந்த இடங்களுக்கானவை. மலிவான பெண்/குட்டி டேக் வாங்கும்போதும் அதில் அச்சிட்டிருக்கும் வரம்பைப் படியுங்கள்; பல டேக்குகள் தனியார் நிலத்தில் மட்டுமே செல்லும். முதலில் நில எல்லைகளைக் காட்டும் ஆன்எக்ஸ் போன்ற செயலியில் பகுதியைத் திறந்து, பொதுநிலத்துக்குப் பொதுச்சாலை போகிறதா என்று பாருங்கள். சுற்றிலும் தனியார் நிலம் சூழ்ந்த பொதுநிலத்தால் உங்களுக்குப் பயனில்லை. மாநில வேட்டைத் துறை பண்ணைகளோடு ஒப்பந்தம் செய்து திறந்துவிடும் வாக்-இன் பகுதிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகே விண்ணப்பம்.

விண்ணப்பக் கெடு ஜூன் தொடக்கம். வெளிமாநிலத்தவருக்கு இரண்டு விலை: வழக்கமானது 326 டாலர், ஸ்பெஷல் 2024 முதல் 1,200 டாலர், விண்ணப்பக் கட்டணம் தனி. ஸ்பெஷலில் போட்டி குறைவு என்பதைத் தவிர வேறு சலுகை கிடையாது. 2022-23 குளிர்காலத்தில் தென்மேற்கு மந்தைகள் பெருமளவு மடிந்து டேக்குகளும் வெட்டப்பட்டன. ஆகவே பழைய ஆலோசனையை நம்பாமல் அந்த ஆண்டின் ஒதுக்கீட்டையே பாருங்கள்.

சியாட்டில் வாசகர்: எச்-1பி விசாவில் இருக்கிறேன் அண்ணா. துப்பாக்கி தொடலாமா?

பதில்: குடியேறா விசாக்காரர் துப்பாக்கி வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று முறைப்படி கொடுத்த வேட்டை உரிமம் கையில் இருந்தால் விதிவிலக்கு. அது காலாவதியான நாளிலிருந்து விதிவிலக்கும் போய்விடும். 1966 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர் என்றால் வேட்டைப் பயிற்சிச் சான்றும் வேண்டும். துப்பாக்கி வேட்டையில் மேலே ஆரஞ்சு அல்லது பளிச்சென்ற இளஞ்சிவப்பு உடை ஒன்று கட்டாயம்.

அட்லாண்டா வாசகர்: 500 யார்டு சுட்டுப் பழக வேண்டுமா?

பதில்: வேண்டாம். 300-க்குள் நெருங்கப் பழகுங்கள். .243 அல்லது 6.5 கிரீட்மோர் ரகத் தோட்டாவுக்கான துப்பாக்கி போதும். அதன் குறியை 200 யார்டில் சரிபார்த்து வையுங்கள். பார்வை மிகக் கூர்மையான விலங்கு. மேட்டின் விளிம்பில் தலை தெரிந்த கணமே ஓட்டம்தான். ஓடையின் பள்ளத்திலேயே நடந்து, கடைசியில் தவழுங்கள். தரையெல்லாம் கள்ளி என்பதால் முழங்கால் பட்டையும் தோல் கையுறையும் தேவை. காற்று குண்டை ஒதுக்கித்தள்ளுவதுதான் அங்கே தவறவிடுவதற்குப் பெரிய காரணம். இன்னொன்று, இவை வேலியைத் தாண்டுவது அபூர்வம், அடியில் புகுந்துதான் போகும். கீழ்க்கம்பி உயர்ந்து மயிர் ஒட்டியிருக்கும் இடம் தெரிந்தால் அங்கே காத்திருக்கலாம்.

ஹூஸ்டன் வாசகி: கறி நாறும், வாயில் வைக்க முடியாது என்கிறார்களே?

பதில்: கறியின் குற்றமில்லை, சூட்டின் குற்றம். செப்டம்பர் வெயிலில் உரிக்காமல் வண்டியின் பின்னால் போட்டு ஊர் சுற்றினால் எந்தக் கறியும் நாறத்தான் செய்யும். உள்ளீடற்ற மயிர் அடர்ந்த தோல், கம்பளி போலச் சூட்டைப் பிடித்து வைக்கும். விழுந்த இடத்திலேயே டேக்கைப் பூர்த்தி செய்து கட்டுங்கள். உடனே குடலை எடுத்து, தோலை உரித்து, தொடை, முன்கால், முதுகுக்கறி எனப் பிரித்துப் பருத்திப் பைகளில் போடுங்கள். ஆண் பெண் அடையாளத்தை விதிப்படி கறியோடு விட்டுவைக்க வேண்டும். தோலின் மயிர் பட்ட கையால் கறியைத் தொடாதீர்கள். பெரிய ஐஸ்பெட்டியை வேட்டைக்குப் புறப்படும்போதே நிரப்பி வண்டியில் வையுங்கள். உருகும் நீரில் கறி ஊறாதபடி வடிகாலைத் திறந்து விடுங்கள்.

நியூ ஜெர்சி வாசகர்: வாடகைக் கார் போதுமா?

பதில்: வறண்ட நாளில் போதும். மழை பெய்தால் அங்குள்ள களிமண் சக்கரத்தில் அப்பிக்கொள்ளும், நான்கு சக்கர இயக்கமும் உதவாது. தரை காயும்வரை நகராதீர்கள். ஒரு நாள் கூடுதலாக விடுப்பு, 20 லிட்டர் தண்ணீர், உண்மையான அளவில் ஒரு உபரி டயர் கைவசம் இருக்கட்டும்.