வில் நாண் ‘டங்’ என்று ஒலிக்கிறதா? சைலன்ஸரைக் கடைசியில் கட்டுங்கள்

கேள்வி: என்னிடம் 60 அங்குல டேக்டவுன் (கழற்றிப் பூட்டும்) ரீகர்வ் (நுனி முன்பக்கம் வளைந்த) வில் இருக்கிறது. இழுவிசை 45 பவுண்டு. போன மாதம் புது டேக்ரான் (பாலியெஸ்டர் இழை) நாண் மாட்டினேன். முதல் சில நாள் சத்தமே இல்லை. இப்போது அம்பு விடும்போதெல்லாம் ‘டங்’ என்று ஒலிக்கிறது, வில் பிடித்த கைவரை அதிர்வு ஏறுகிறது. ரப்பர் இழைச் சைலன்ஸர் இரண்டு கட்டிப் பார்த்தேன். ஒலி கொஞ்சம் அமுங்கியதே தவிரப் போகவில்லை. இடையில் கனம் குறைந்த கார்பன் அம்புக்கும் மாறியிருக்கிறேன். நாணை மாற்றிவிடட்டுமா, வில்லிலேயே கோளாறா?

பதில்: நாணை மாற்ற அவசரப்படாதீர்கள். நாண் புதிது, அம்பு இலேசு என்று இரண்டு தடயங்களை நீங்களே எழுதிவிட்டீர்கள். பெரும்பாலும் இந்த இரண்டுக்குள்ளேயே விடை கிடைத்துவிடும்.

வில்லை இழுக்கும்போது லிம்புகளில் (வில்லின் வளையும் மேல், கீழ் பகுதிகளில்) சேரும் ஆற்றல் முழுவதையும் அம்பு கொண்டுபோவதில்லை. அது விட்டுவைத்த மிச்சம்தான் லிம்பிலும் நாணிலும் அதிர்வாகத் தங்கி உங்கள் காதுக்கும் கைக்கும் வருகிறது. சைலன்ஸர் அந்த மிச்சத்தை அமுக்கும், ஆனால் மிச்சம் ஏன் கூடியது என்பதைச் சொல்லாது. அதனால் இப்போதைக்கு அந்த ரப்பரைக் கழற்றி வையுங்கள். அது இருந்தால் நீங்கள் செய்யும் மாற்றங்களின் பலன் காதில் சரியாக விழாது.

வேலையைத் தொடங்குமுன் ஒரு சோதனை. நாணைக் கழற்றி, இரண்டு லிம்புகளையும் வெளிச்சத்தில் சாய்த்து, ஓரங்களையும் நுனிகளையும் பாருங்கள். ஓரத்தில் அடுக்குகள் பிரிந்த கோடு தெரிந்தாலோ, பஞ்சை ஓட்டிப் பார்க்கையில் இழை சிக்கினாலோ, நுனியில் நாண் உட்காரும் வெட்டு அரிந்திருந்தாலோ அந்த வில்லை இழுக்கக் கூடாது. அதைத் தெரிந்தவரிடம் காட்டியபிறகு மற்றதைப் பார்க்கலாம். அப்படி எதுவும் இல்லையென்றால் மேலே போவோம்.

முதலில் பிரேஸ் ஹைட். நாண் பூட்டிய வில்லில், பிடியின் மிக ஆழமான இடத்திலிருந்து நாண்வரை உள்ள இடைவெளி அது. டேக்ரான் நாண் புதிதில் நீளும். நீள நீள இந்த இடைவெளி குறையும். குறைந்தால் நாண் அதிக தூரம் முன்னால் ஓடி, தளர்வாக நின்று, நெடுநேரம் அதிரும். சில நாள் அமைதி, பிறகு இரைச்சல் என்று நீங்கள் சொல்லும் கதைக்கு இது அப்படியே பொருந்துகிறது. நாண் முன்கையில் அடிப்பதும் சமீபத்தில் கூடியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

போ ஸ்கொயர் (நாணில் மாட்டி அளக்கும் T வடிவ அளவுகோல்) இருந்தால் அதால் அளக்கலாம், சாதாரண ஸ்கேலும் போதும். 60 அங்குல ரீகர்வுக்கு வழக்கமாக 7¼ முதல் 8¼ அங்குலத்துக்குள் ஏதோ ஓர் இடத்தில் அமைதி கிடைக்கும். வில்லோடு வந்த கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே கணக்கு. லாங்போவுக்கு (நுனி முன்பக்கம் வளையாத நீள வில்லுக்கு) இந்த எண்கள் செல்லாது, அங்கே 6 முதல் 7½ வரைதான் இருக்கும்.

கையேடு சொல்லும் வரம்பின் கீழ்முனையிலிருந்து தொடங்குங்கள். ஸ்ட்ரிங்கர் (நாண் பூட்டவும் கழற்றவும் உதவும் கயிறு) போட்டு நாணைத் தளர்த்தி, கீழ் வளையத்தை மட்டும் கழற்றி, நாண் ஏற்கெனவே எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறதோ அதே பக்கம் மூன்று நான்கு முறுக்குக் கொடுத்து மறுபடி பூட்டுங்கள். முறுக்கு ஏறினால் நாண் குட்டையாகும், இடைவெளி கூடும். ஒவ்வொரு தடவையும் ⅛ அங்குலம் அளவுக்கே மாறட்டும். மாற்றிய பிறகு நாலைந்து அம்பு விட்டுக் கேளுங்கள். ஒலி படிப்படியாகத் தணியும், ஓரிடத்தில் ‘டங்’ போய் ‘தப்’ என்று கட்டையாக முடியும், அதையும் தாண்டினால் மறுபடி கடுமையாகும். அந்த நடு இடம்தான் உங்களுக்கு வேண்டியது. இன்னும் ஏற்றினால் இன்னும் அமைதி என்று நினைத்து வரம்பைத் தாண்டாதீர்கள். நாண் அம்பைத் தள்ளும் தூரம் குறைந்து வேகம் போகும், லிம்பின் மேல் சுமையும் கூடும்.

ஃப்ளெமிஷ் முறையில் (இழைகளைப் பின்னி முறுக்கியே வளையம் அமைத்து) முறுக்கிய நாண் என்றால் ஒரு எச்சரிக்கை. இடைவெளியைக் குறைக்க வேண்டிவந்து முறுக்கை நிறைய அவிழ்த்தால் வளையத்தின் பிடிப்பே நழுவிவிடும். அப்போது நீளமான வேறு நாண்தான் வழி.

நாணின் நீளம் மாறும்போது நாக்கிங் பாயிண்டும் (அம்பின் வாலை நாணில் பொருத்தும் இடத்தின் குறியும்) கொஞ்சம் இடம்பெயரும். அது கீழே இறங்கியிருந்தால் அம்பின் வால்பகுதி ஷெல்ஃபில் (பிடிக்கு மேலே அம்பு படியும் திட்டில்) மோதி ‘டக்’ என்று தனியாக ஒரு சத்தம் வரும். இதை நாணின் சத்தம் என்று எண்ணி மாதக்கணக்கில் நாணோடு மல்லுக்கட்டுபவர்கள் உண்டு. ஷெல்ஃபிலும் ரைசரின் (பிடியுள்ள நடுப்பகுதியின்) பக்கவாட்டிலும் டால்கம் பவுடர் தடவி ஒரு அம்பு விடுங்கள். பவுடரில் கீறல் விழுந்திருந்தால் மோதல் உறுதி. கீறல் ஷெல்ஃபில் இருந்தால் நாக்கிங் பாயிண்டை மெல்ல மெல்ல மேலே ஏற்றிப் பாருங்கள். பக்கவாட்டில் இருந்தால் அம்பின் ஸ்பைன் (தண்டின் விறைப்பு) உங்கள் வில்லுக்குப் பொருந்தவில்லை என்று சந்தேகிக்கலாம்.

அடுத்தது அம்பின் கனம். பாரம்பரிய வில்லில் இழுவிசையின் ஒரு பவுண்டுக்கு எத்தனை கிரெய்ன் என்று கணக்குப் பார்ப்பார்கள். ஒரு கிராம் என்பது சுமார் 15.4 கிரெய்ன். பவுண்டுக்கு 10 கிரெய்ன் அளவில் வில் அடங்கி ஒலிக்கும். 8-க்குக் கீழே போகப்போக அம்பு எடுத்துச் செல்லும் ஆற்றலின் பங்கு குறைந்து வில் கத்தத் தொடங்கும். மிக இலேசான அம்பு வில்லையே கெடுக்கும், ஏனென்றால் அது வெறும் நாணை இழுத்து விடுவதற்கு ஏறக்குறையச் சமம். உங்கள் வில் 45 பவுண்டு என்றால் 450 கிரெய்ன், அதாவது 29 கிராம் அளவுள்ள அம்பு நல்லது. 360-க்குக் கீழே என்றால் இலேசு. லிம்பில் அச்சிட்டிருக்கும் 45 என்பது பொதுவாக 28 அங்குல இழுப்புக்கானது. நீங்கள் 26 அங்குலமே இழுப்பவர் என்றால் கையில் வருவது 40 பவுண்டை ஒட்டி இருக்கும், கணக்கையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முனையைக் கனமாக்கினால் அம்பின் எடை எளிதாகக் கூடும், ஆனால் பறக்கும்போது அம்பு அதிகம் வளையும். அதாவது ஸ்பைன் மென்மையானதுபோல் நடந்துகொள்ளும். ஆகவே முனையை மாற்றிய பிறகு பவுடர் சோதனையை மறுபடி செய்யுங்கள். பழைய அம்புகளில் இரண்டு மூன்று வைத்திருந்தால் முதலில் அவற்றை விட்டுப் பாருங்கள். அதே பிரேஸ் ஹைட்டில் சத்தம் பாதியாகக் குறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

நாக் (அம்பின் வாலில் நாணைக் கவ்வும் பிளவு) நாணில் உட்காரும் விதத்தையும் பார்த்துவிடுங்கள். அம்பை நாணில் மாட்டி, முனை தரையைப் பார்க்கும்படி தொங்கவிடுங்கள். அது தானாக விழக்கூடாது. பக்கத்தில் நாணை விரலால் ஒரு தட்டுத் தட்டினால் கழன்று விழ வேண்டும். எவ்வளவு தட்டியும் விழாவிட்டால் இறுக்கம். அம்பு புறப்படும்போது நாணையும் சேர்த்து இழுக்கும், அதுவும் சத்தம்தான். தட்டாமலே விழுந்தால் அது இன்னும் மோசம், இழுத்த நிலையில் நழுவினால் வில் வெறுமையாக விடுபட்டுவிடும். நடுவில் சுற்றியிருக்கும் சர்விங் நூலைப் பருமனாகவோ மெல்லியதாகவோ மாற்றிச் சுற்றினால் சரியாகும்.

ரீகர்வ் வில்லுக்கே உரிய ஒரு சத்தமும் உண்டு. நுனிக்கருகே நாண் லிம்பின் மேல் படிந்து கிடக்கும். விட்டதும் அந்த இடத்தில் ஓங்கி அறையும். மெல்லிய ஃபெல்ட் துணியையோ வெல்க்ரோவின் மென்பக்கத்தையோ நாண் படியும் பள்ளத்தில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு ஒட்டுங்கள். செலவு ஒன்றுமில்லாத இந்த வேலை, பெரிய சைலன்ஸர் செய்யாததைப் பல வில்லில் செய்துவிடும்.

நாண் இழைகள் பிரிந்து தெரிந்தால் மெழுகு பூசி, சூடேறும்வரை தோல் துண்டால் தேயுங்கள். சர்விங்மேல் பூச வேண்டாம். லிம்ப் போல்ட், வில்லில் மாட்டிய அம்புக்கூடு, ரெஸ்ட் (அம்பைத் தாங்கும் துணைப்பொருள்) எல்லாவற்றையும் இறுக்கிப் பாருங்கள். தளர்ந்த ஒரு திருகு போடும் ‘ர்ர்ர்’ ஒலி நாண் ஒலி மாதிரியே ஏமாற்றும். ஃபாஸ்ட் ஃப்ளைட் வகை நாண் போட்டால் எல்லாம் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது நீளாத நாண். ஒலியின் சுருதியை ஏற்றும், நுனி வலுவூட்டப்படாத பழைய வில்லை உடைக்கவும் செய்யும்.

இவ்வளவும் முடிந்த பிறகு சைலன்ஸர் வரட்டும். இரண்டையும் நாணின் இரு முனையிலிருந்தும் கால்பங்கு தூரத்தில் கட்டுவது வழக்கம். அதில் ஒரு ஓட்டை உண்டு. வீணைத் தந்தி போலவே நாணும் முழுதாகவும், இரண்டு, மூன்று, நான்கு பகுதியாகவும் ஒரே நேரத்தில் அதிரும். நான்கு பகுதியாக அதிரும்போது கால்பங்குப் புள்ளியில் அசைவே இருக்காது. அசையாத இடத்தில் கட்டிய சைலன்ஸர் அந்த அதிர்வை எப்படி அமுக்கும்? உங்கள் நாண் சுமார் 56 அங்குலம் இருக்கும். மேலே உள்ளதை நுனியிலிருந்து 14 அங்குலத்திலும், கீழே உள்ளதை மூன்றில் ஒரு பங்கான 18½ அங்குலத்தை ஒட்டியும் கட்டுங்கள். ஒன்றிடம் தப்புவது மற்றதிடம் மாட்டும். என் கை போவது கம்பளி நூல் குஞ்சத்துக்குத்தான். ரப்பர் வெயிலில் வெடித்துப்போகும். கம்பளி மழையில் நனைந்து கனக்கும் என்பது உண்மை, உதறினால் போதும்.

பிரேஸ் ஹைட் அமைந்ததும் அந்த எண்ணை ஒரு டேப்பில் எழுதி லிம்பின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். நாண் நீள்வது நிற்கும்வரை ஒவ்வொரு தடவை பூட்டும்போதும் அளந்து, குறைந்திருந்தால் இரண்டு முறுக்குக் கொடுங்கள்.