போஸ்ட்டாக் இடத்துக்கு ஏஜென்ட் எதற்கு?

மன்னார்குடி வாசகி ஒருவரின் கேள்வி: "உவர் நிலத்தைத் தாங்கும் நெல் ரகங்களைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன்; வாய்மொழித் தேர்வு நடக்கவில்லை. திருச்சியில் ஒரு கன்சல்டன்சி, ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் ஐரோப்பாவில் போஸ்ட்டாக் இடம் உறுதி என்கிறது. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பணம் கட்டலாமா? வயது 33."

கட்டாதீர்கள். போஸ்ட்டாக் என்பது முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணி; இடம் ஒதுக்கிச் சேர்க்கை நடத்தும் படிப்பு அன்று. ஆய்வுத் திட்டத்துக்குப் பணம் பெற்ற பேராசிரியர், தமக்கு வேண்டிய ஆளைப் பெரும்பாலும் தாமே பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வேலை அது. அதில் இடைத்தரகர் நுழைய வழியே இல்லை. அவர் செய்வதெல்லாம், "மதிப்பிற்குரிய ஐயா" என்று தொடங்கும் ஒரே கடிதத்தை உங்கள் பெயரில் நூற்றுக்கணக்கானோருக்கு அனுப்புவதுதான். பிறகு நீங்களே அக்கறையோடு எழுதினாலும், முன்பு குப்பைக் கடிதம் அனுப்பியவர் என்றே அந்தப் பேராசிரியர் உங்களை நினைப்பார். பணம் வாங்கிக்கொண்டு, நீங்கள் எழுதாத ஆய்வுக் கட்டுரையில் உங்களை ஆசிரியராகச் சேர்ப்பவர்களும் இப்படித்தான் ஆசை காட்டுவார்கள், அவர்களிடமும் சிக்காதீர்கள்.

உங்கள் துறையில் வேலை செய்யும் ஆய்வகங்களை அண்மைக் கட்டுரைகளிலிருந்து நீங்களே கண்டுபிடியுங்கள். ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம் எழுதுங்கள். "வேர் உறிஞ்சும் சோடியம் இலைக்கு ஏறாமல் தடுக்கும் மரபணுவைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன், நாகப்பட்டினம் பகுதியின் குழியடிச்சான் ரகத்தில் நான் இன்னதைக் கண்டேன், உங்கள் ஆய்வகத்தில் இதைத் தொடர விரும்புகிறேன்" என்று நாலைந்து வரி போதும். இரண்டு பக்கத் தன்விவரமும், பரிந்துரைப்போர் மூவரின் பெயரும் சேருங்கள். ஜெர்மனியின் ஹம்போல்ட் உதவித்தொகைக்கும் உங்களை ஏற்கும் பேராசிரியரை நீங்களே தேட வேண்டும்; பட்டம் பெற்ற நான்கு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பக் கட்டணம் கிடையாது.

பட்டம் கைக்கு வரவில்லையே என்று தயங்க வேண்டாம். முன்பு எஸ்.இ.ஆர்.பி. என்ற மத்திய அரசின் ஆய்வு நிதி வாரியம் நடத்தி, இப்போது அதன் இடத்துக்கு வந்த ஏ.என்.ஆர்.எஃப். பொறுப்பில் உள்ள தேசிய போஸ்ட்டாக் உதவித்தொகையில், ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுப் பட்டத்துக்குக் காத்திருப்பவரும் விண்ணப்பிக்க இடம் வைத்தார்கள். பட்டம் வரும்வரை தொகை குறைவு, அவ்வளவுதான். சமர்ப்பித்ததற்குப் பல்கலைக்கழகம் தரும் சான்றை இப்போதே கேட்டு வாங்குங்கள். இந்த உதவித்தொகைக்குப் பொது வயது வரம்பு 35. பெண்களுக்கு ஐந்தாண்டுத் தளர்வு உண்டு. ஆனால் ஆய்வேட்டை மதிப்பிடும் வெளித் தேர்வாளரின் அறிக்கைக்கும், நூலகம் முதல் விடுதி வரை ஒவ்வொரு மேசையிலும் வாங்க வேண்டிய 'பாக்கி இல்லை' கையெழுத்துக்கும் மாதக்கணக்கில் மாணவரை அலையவைத்து, அந்த வயதைத் தின்பது நம் பல்கலைக்கழகங்களே. ஆய்வேடு மேசையில் கிடக்க, வேலை வேறொருவருக்குப் போய்விடுகிறது. இதற்கு எந்த அலுவலகமும் பொறுப்பேற்பதில்லை என்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

கடிதம் எழுதி வாரக்கணக்கில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். பிறகு அடுத்தவருக்கு எழுதுங்கள். பணி ஆணை வந்தால், அது பல்கலைக்கழகத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து வந்ததா என்று பாருங்கள். விசாவுக்கு வேண்டிய அழைப்பு ஆவணத்தையும் பல்கலைக்கழகமே தரும்.

முதல் வேலையாக, வீட்டிலிருந்து ஒருவரை உடன் அழைத்துச் சென்று, அந்தக் கன்சல்டன்சியிடமிருந்து உங்கள் சான்றிதழ்களைக் கேட்டு வாங்குங்கள். பணம் கட்டினால்தான் தருவோம் என்றால், எழுத்துப்பூர்வமாகக் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள்.