காரைக்குடியில் இருவரும் வேலைக்குப் போகிறோம். பள்ளிக்கு முன்னும் பின்னும் பிள்ளைகளை எங்கே விடுவது?

1-ஆம் வகுப்பும் 4-ஆம் வகுப்பும் படிக்கிற பிள்ளைகள், நீங்கள் 7:45-க்குக் கிளம்பி 6:30-க்குத் திரும்புகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். காலைக்கும் மாலைக்கும் ஒரே இடம் தேடாதீர்கள். காலையில் சாப்பிட வைத்து வேனில் ஏற்றிவிட ஒரு பொறுப்பான ஆள் போதும்; பக்கத்து வீட்டு ஆச்சி சம்மதித்தால் அதைவிட நல்லது இல்லை. அரசுத் தொடக்கப் பள்ளியாக இருந்தால், 2022-இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இருக்கிறது. கேட் எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள் என்று மட்டும் தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

மாலைதான் சிக்கல். பலரும் டியூஷனையே காப்பகமாகக் கணக்குப் போடுகிறார்கள். வேன் 4 மணிக்கு இறக்கிவிடும், டியூஷன் 5 மணிக்கு. நடுவில் ஒரு மணி நேரம் பிள்ளை யாருடைய பொறுப்பு? டீச்சருக்குக் காய்ச்சல் என்றால் 'இன்று டியூஷன் இல்லை' என்று வாட்சப்பில் ஒரு வரி வரும், அவ்வளவுதான்.

காப்பகம் பார்க்கப் போனால் மாலை 4:15-க்கு, சொல்லாமல் போங்கள். பழைய செட்டிநாட்டு வீட்டில் நடத்துகிறார்கள் என்றால் முதலில் பின்கட்டைப் பாருங்கள். வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பில் ஆள் உட்கார்ந்திருப்பார், பின்வாசல் திறந்தே கிடக்கும். அந்தக் கதவுக்குப் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வேண்டும். கிணற்றுக்கு இரும்பு வலை போட்டுப் பூட்டியிருக்க வேண்டும். பலகை போட்டு மூடுவது கணக்கில் சேராது. மழைச்சாரல் அடித்தால் முற்றத்தை ஒட்டி ஆத்தங்குடிக் கல் (பூ வேலைப்பாடுள்ள தரை ஓடு) பதித்த தரை வழுக்கும். அன்று பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பார்கள் என்று கேளுங்கள்.

பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும். ஒருவர் ஒரு பிள்ளையைக் கழிவறைக்குக் கூட்டிப்போனால் மற்றவர்களை யார் பார்ப்பது?

"வேன் வந்து 10 நிமிஷம் ஆச்சு, என் பிள்ளை உள்ளே வரலைன்னா முதலில் யாருக்குப் போன் பண்ணுவீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "அதெல்லாம் வந்துரும்ங்க" என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். வேனிலிருந்து இறங்கியதும் நேரம் எழுதிக் கையெழுத்து வாங்கும் நோட்டு இருந்தால் நல்ல இடம். கூட்டிப்போக அனுமதியுள்ளவர்களின் பெயரும் போட்டோவும் நீங்களே எழுதிக் கொடுங்கள். சித்தப்பாவே வந்தாலும் பட்டியலில் இல்லாவிட்டால் அனுப்பக் கூடாது.

பணம் கட்டும் முன் தேர்வு நாட்களில் அரை நாள் பள்ளி, மழைக்கு ஆட்சியர் காலையில் அறிவிக்கிற விடுமுறை, 6:30 தாண்டினால் கூடுதல் கட்டணம் மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். வருடக் கட்டணம் வேண்டாம், முதலில் ஒரு மாதம். அந்த மாதம் பிள்ளையிடம் "நல்லா இருந்துச்சா?" என்று கேட்காதீர்கள், "வேன்ல இருந்து உன்னை யார் இறக்கிவிட்டாங்க?" என்று தினமும் கேளுங்கள்.