கதவடியில் கொப்புளம்: பழைய பொலேரோவுக்குப் பெயிண்ட் அடிக்கும் முன்

நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "அப்பா வாங்கிய மஹிந்திரா பொலேரோ. 2007-இல் பதிவானது, 2022-இல் ஆர்.சி. புதுப்பித்தோம். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நான்கு கதவுகளின் அடிவிளிம்பிலும் பெயிண்ட் கொப்புளம் விட்டிருக்கிறது. பின்சக்கர வளைவில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. டிரைவர் பக்கம் கால்மிதி மேட்டைத் தூக்கினால் எப்போதும் ஈரம். பட்டறையில் கேட்டால், 'பத்து நாள் போதும், பட்டி போட்டு முழுசா அடிச்சுத் தந்துடுறேன்' என்கிறார்கள். வெள்ளையை மாற்றிக் கறுப்பு அடிக்கலாம் என்று மகன் ஆசைப்படுகிறான். என்ன செய்யலாம்?"

வண்டியை விற்றுவிடாதீர்கள். அந்தப் பத்து நாள் கணக்குக்கும் சரி சொல்லிவிடாதீர்கள். உங்கள் வண்டியில் பெயிண்ட் கெட்டதால் துரு வரவில்லை. துரு உள்ளேயிருந்து தின்றுகொண்டு வந்து, கடைசியில்தான் பெயிண்டைத் தூக்கியிருக்கிறது. அதன் மேல் பட்டி போட்டு அடித்தால் தீபாவளிக்குப் பளபளக்கும், சித்திரை வெயிலில் அதே இடத்தில் மறுபடி கொப்புளம் கிளம்பும். இப்படித் திரும்பி வந்த வண்டிகளைப் பிரித்துப் பார்த்தே எனக்குப் பாதி வயது போயிருக்கிறது.

போன வருடம் கடலோர ஊரிலிருந்து இதே மாதிரி ஒரு வண்டி வந்தது. கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி, அடியில் இருக்கும் வடிகால் துளையில் கம்பியை விட்டுக் குத்தினேன். முதலில் கறுப்புத் தண்ணீர் ஒழுகியது, பின்னாலேயே சேறு, மக்கிப்போன வேப்பிலை, துருவேறிய ஒரு நாணயம் என்று வரிசையாக வந்தன. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்குவது சகஜம். அது வெளியேறத்தான் அந்தத் துளைகள். அவை அடைத்துக்கொண்டால் கதவின் அடிப்பாகம் குட்டை மாதிரி ஆகிவிடும், கடற்காற்றின் உப்பும் அதில் சேரும். நான்கு கதவிலும் ஒரே இடத்தில் கொப்புளம் என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் இதுவாகத்தான் இருக்கும். செலவில்லாத வேலை, இன்றைக்கே துளைகளைத் திறந்து விடுங்கள்.

அடுத்தது மேட்டுக்கு அடியில் இருக்கும் ஈரம். அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தரைத் தகட்டைத் தொட வேண்டாம். ஏ.சி. போட்ட நாளில் மட்டும் நனைகிறதென்றால் ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கலாம். மழையில் நனைகிறதென்றால் முன்கண்ணாடி ரப்பர், வைப்பருக்குக் கீழே இலை சேரும் பள்ளம், கதவு ரப்பர் பீடிங் மூன்றையும் சந்தேகப்படுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும், இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடித்துக் கீழிருந்து மேலாக ஒவ்வொரு இடமாகத் தண்ணீர் விடட்டும். மேலிருந்து விட்டால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து, ஒழுகும் இடம் பிடிபடாது.

அப்புறம் வண்டியை லிஃப்டில் ஏற்றுங்கள். பொலேரோவுக்கு ஏணி மாதிரியான தனி சேசிஸ், பாடி அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. பாடித் தகடு ஓட்டையானால் வெட்டி ஒட்டலாம், சேசிஸ் அரித்திருந்தால் அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சின்னச் சுத்தியலால் நெடுகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்ல இரும்பு. சத்தம் மந்தமாகி, சில்லுச் சில்லாக உதிர்ந்தால், பெயிண்டை மறந்துவிட்டு முதலில் சேசிஸ் வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள். பாடியில் எங்கெல்லாம் ஏற்கெனவே பட்டி தடிமனாக இருக்கிறது என்று பார்க்க, ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி ஓட்டுங்கள். பிடிக்காமல் நழுவும் இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது.

சக்கர வளைவு ஓட்டைக்கு ஒரே வழி, நல்ல தகடு தெரியும்வரை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைப்பதுதான். ஃபைபர் ஒட்டுவதும், ஓட்டைக்குள் வலையைத் திணித்துப் பட்டி பூசுவதும் வேண்டவே வேண்டாம். 20 கேஜ் சி.ஆர். ஷீட் (பூச்சில்லாத சாதா இரும்புத் தகடு), ஏறத்தாழ 0.9 மி.மீ., பாடிக்குப் போதும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் வைத்தால் துருவே பிடிக்காது என்று சிலர் சொல்வார்கள். வெல்டிங் சூட்டில் அந்தத் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும், துரு முதலில் பிடிக்கும் இணைப்பில்தான் அது இல்லாமல் போகிறது. அந்தப் புகையும் உடம்புக்குக் கெடுதல். கேஸ் வெல்டிங்கும் வேண்டாம், சூடு பரவித் தகடு நெளிந்துவிடும். சி.ஓ.2 எனும் மின்வெல்டிங்கில் சின்னச் சின்னப் புள்ளியாக, இடம் மாற்றி மாற்றி வைக்கச் சொல்லுங்கள். அதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்றி, மேட், ஃபோம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, டீசல் குழாய் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்வது கட்டாயம்.

பெரும்பாலான பட்டறைகளில் தவறு நடப்பது இதற்கு அடுத்த கட்டத்தில். தகட்டைச் சுரண்டிப் பளபளப்பாக்கி அப்படியே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போவார்கள். உங்கள் ஊர்க் காற்றில் வெறுந்தகடு ஒரே இரவில் பழுப்பேறிவிடும். சுரண்டிய அன்றைக்கே, துடைத்து, ஈரம் புகாமல் தகட்டை மூடும் எபாக்ஸி பிரைமர் அடித்தாக வேண்டும். பட்டியை அந்த எபாக்ஸியின் மேல்தான் போட வேண்டும், அதுவும் இரண்டு, மூன்று மி.மீ.க்கு மேல் போகாமல். பள்ளம் அதைவிட ஆழம் என்றால் தகட்டைத் தட்டி நேராக்கும் டிங்கர் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

பட்டி சாக்பீஸ் மாதிரி தண்ணீரை உறிஞ்சும். ஆனாலும் பட்டறையில் வாட்டர் பேப்பர் என்கிற தேய்ப்புத்தாளை நனைத்துத்தான் தேய்ப்பார்கள். அது ஆழ்துளைக் கிணற்று (போர்) தண்ணீராக இருந்துவிட்டால் உப்பும் சேர்ந்து உள்ளே போகிறது. மேலே பெயிண்ட் மூடிய பிறகு அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஆறு மாதத்தில் கடுகு கடுகாகக் கொப்புளம். பட்டியை உலர்ந்த தேய்ப்புத்தாளில் தேய்க்கச் சொல்லுங்கள், 80 நம்பர் தாளில் ஆரம்பித்து 180, 320 என்று போகலாம். தூசு பறக்கும், நேரமும் பிடிக்கும், கூலியும் கொஞ்சம் கூடும். கொடுங்கள். மேலே சர்பேஸர் (நிறத்துக்கு முந்தின அடிப்பூச்சு) அடித்த பின் நனைத்துத் தேய்ப்பதானால் நல்ல தண்ணீரை கேனில் நீங்களே கொண்டுபோய் வைத்தாலும் தப்பில்லை.

பெயிண்டில் பி.யூ. (பாலியூரிதேன்) என்று பில்லில் எழுதி வாங்குங்கள். விலை குறைவாகச் சொல்பவர் பெரும்பாலும் ஹார்ட்னர் இல்லாமல் தின்னரில் கரைத்து அடிக்கும் பழைய டூக்கோ வகை பெயிண்டைத்தான் மனதில் வைத்திருப்பார். ஹார்ட்னர் (பெயிண்டை இறுக வைக்கும் திரவம்) கலந்து அடிக்கும் பி.யூ. வெயிலையும் உப்பையும் அதைவிட நன்றாகத் தாங்கும். அடிப்பவர் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நின்றால் தடுத்து நிறுத்துங்கள். அந்த ஹார்ட்னரில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமா வரை கொண்டுபோகும். வெளியிலிருந்து நல்ல காற்று வரும் முகக்கவசம் உள்ள பெயிண்ட் பூத்துக்கு (பெயிண்ட் அடிக்கும் மூடிய அறைக்கு) வண்டியைக் கொண்டுபோங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம். மாசி, பங்குனியில், காலைப் பனி காய்ந்த பிறகு அடித்தால் சரியாக இருக்கும்.

நிறம் காய்ந்து ரப்பர் பீடிங் எல்லாம் மாட்டிய பிறகு, கதவுக்குள்ளும் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகட்டுக்குள்ளும் மெழுகு ஸ்பிரே அடிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வேலை என்பதால் யாரும் கேட்பதில்லை. என் கணக்கில் நிறத்தின் மேல் அடிக்கும் கிளியர் கோட்டைவிட இதுதான் வண்டியைக் காப்பாற்றுகிறது. அடிக்கும்போது வடிகால் துளைகள் மறுபடி அடைபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் ஆறு வாரமாவது ஒதுக்குங்கள். மூன்று தடவை நேரில் போங்கள்: வெட்டித் திறந்த அன்று, எபாக்ஸி அடித்த அன்று, நிறம் அடிப்பதற்கு முந்தின நாள். முடியாவிட்டால் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். இதற்கு முகம் சுளிக்கிற பட்டறை வேண்டாம்.

கறுப்பு விஷயம். உங்கள் மகனுக்கு ஆசை இருக்கட்டும், ஆனால் 2007-ஆம் வருடத்துத் தகட்டின் ஒவ்வொரு நெளிவையும் கறுப்பு எடுத்துக் காட்டும், வெள்ளை மறைத்துவிடும். நாகை வெயிலில் கறுப்பு வண்டி உள்ளே எப்படிக் காயும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நிறத்தை மாற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். கதவு நிலை, பானெட்டின் உள்பக்கம் என்று அடிக்க வேண்டிய இடமும் கூடும். அப்பா வாங்கிய வெள்ளையே இருக்கட்டும்.

2027-இல் ஆர்.சி. புதுப்பிக்க மறுபடி எஃப்.சி.க்கு (வண்டித் தகுதிச் சோதனைக்கு) போவீர்கள், அப்போது சேசிஸ் நம்பரைப் பார்ப்பார்கள். வேலை தொடங்கும் அன்றே அந்த எண் பொறிக்கப்பட்ட இடத்தை டிங்கருக்கும் பெயிண்டருக்கும் காட்டி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிரைண்டர் அதன் பக்கம் போகக் கூடாது, வண்டியின் அடிப்பாகத்துக்கு அண்டர்கோட் அடிக்கும்போது அதன் மேல் டேப் ஒட்டியிருக்க வேண்டும்.