வாசகர் கேள்வி – பதில்: குக்குறுவானும் மாடி வீட்டுப் பால்கனியும்

கேள்வி: பணி ஓய்வுக்குப் பிறகு பறவைகளைப் படமெடுக்கப் பழகிவருகிறேன். எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டு முருங்கை மரத்தில் செம்மார்புக் குக்குறுவான் பொந்து குடைவதைச் சாலையில் நின்றபடி நான்கு நாள்கள் படமெடுத்தேன். ஐந்தாம் நாள் மாடி வீட்டுப் பெண்மணி சத்தம் போட, இளைஞர்கள் நால்வர் சூழ்ந்துகொண்டு, யாரை வேவு பார்க்கிறாய் என்று ஒருமையில் கேட்டு, மெமரி கார்டைக் கழற்றித் தரச் சொன்னார்கள். பொதுச்சாலையில் நின்று பறவையைப் படமெடுப்பது குற்றமா, ஐயா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், நங்கநல்லூர், சென்னை.

பதில்: குற்றமன்று. அவர்கள் பேசிய முறை தவறு. உங்கள் வயதில் ஒருவரை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆயினும் அந்தப் பெண்மணி சந்தேகப்பட்டதில் எனக்கு வியப்பில்லை.

குக்குறுவான் பெரும்பாலும் பட்டுப்போன மெல்லிய கிளையின் அடிப்பக்கத்தில்தான் பொந்து குடையும். கீழே நிற்கும் உங்களுக்கு அந்த வட்டத் துளையும், அதிலிருந்து எட்டிப் பார்க்கும் செந்நிற நெற்றியும் தெளிவாகத் தெரியும். மாடியில் நிற்பவருக்குக் கிளையின் மேற்பக்கம் மட்டுமே தெரியும். ஆகவே அவர் கண்ட காட்சியில் பறவையே இல்லை. முன்பின் தெரியாத ஆண் ஒருவர், பாதி முகம் மறையும்படி முழங்கை நீளக் குழாய் ஒன்றைத் தம் பால்கனியை நோக்கிப் பிடித்தபடி, நான்கு நாள்களாக ஒரே இடத்தில் நிற்கிறார் என்பதே அவர் கண்டது. போதாக்குறைக்கு, நமக்குப் பிடித்த இளவெயில் நேரமும், இரவு உடையிலேயே வாசலுக்கு வந்து பெண்கள் கோலம் போடும் நேரமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பிறர் வீட்டு வளாகத்துக்குள்ளோ மொட்டை மாடியிலோ கால் வைக்க உரியவரின் அனுமதி வேண்டும். தம்மை யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையுடன் ஒரு பெண் அந்தரங்கமாக இருக்கும் நிலையைப் பார்ப்பதும் படமெடுப்பதும், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 77ஆவது பிரிவின்படி குற்றம். நீங்கள் அதைச் செய்யவில்லை. ஆனால் நீங்கள் செய்யவில்லை என்பதை மாடியில் நிற்பவர் எப்படி அறிவார்? அதை அவருக்குத் தெரியப்படுத்தும் பொறுப்பு கேமரா வைத்திருப்பவருடையது என்றே நான் கருதுகிறேன்.

எனவே முதல் நாள் கேமரா இல்லாமல் போங்கள். மரத்துக்குரிய வீட்டாரிடமும், எதிரே இருக்கும் மாடி வீட்டாரிடமும் பெயரையும் தெருவையும் சொல்லி, இன்ன பறவை இன்ன கிளையில் கூடு வைக்கிறது, காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை நிற்பேன் என்று கூறிவிடுங்கள். குடையும்போது பறவை வெளியே தள்ளும் மரத்தூள் கிளைக்கு நேர் கீழே கிடந்தால் அதையும் காட்டுங்கள். எந்த விளக்கத்தையும்விட அது விரைவில் நம்பவைக்கும். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரையும் அடுக்ககக் காவலாளியையும் மறந்துவிடாதீர்கள். ஒரு தெருவில் யார் வரலாம் என்பதைச் சங்கச் செயலாளரைவிட அவர்கள்தாம் முடிவு செய்கிறார்கள்.

நிற்கும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். இரண்டடி நகர்ந்தால் பறவையின் பின்னணியில் சன்னலுக்குப் பதிலாக வானமோ இலையோ அமையக்கூடும். படத்துக்கும் அது நல்லது. முழுச்சட்டக சென்சார் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள படவுணரி) கொண்ட கேமராவில் 600 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால், 20 மீட்டர் தொலைவில் அது அடக்கும் அகலம் ஏறக்குறைய 1.2 மீட்டர்தான். இந்தக் கணக்கை வாயால் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். கேமராவின் திரையில் காட்டினால் நம்புவார்கள். யாராவது வாசலுக்கு வந்தால் லென்ஸைத் தரையை நோக்கித் தாழ்த்திவிடுங்கள். காட்டு இலை வண்ணச் சட்டையும் தொப்பியும் வேண்டாம். நங்கநல்லூரில் அவை உங்களை எந்தக் குருவியிடமிருந்தும் மறைக்கப்போவதில்லை, தெருவுக்கே காட்டிக்கொடுக்கும்.

படங்களைக் காட்டச் சொன்னால் தயங்காமல் காட்டுங்கள். எதிலாவது ஒருவர் தற்செயலாக விழுந்திருந்தால், சட்டம் கட்டாயப்படுத்துகிறதா என்று வாதிடாமல் அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடுங்கள். ஆனால் மெமரி கார்டையோ கேமராவையோ கும்பலிடம் கொடுக்காதீர்கள். காவல் நிலையத்துக்கே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். பெரும்பாலும் அந்தச் சொல்லிலேயே சத்தம் அடங்கிவிடும். தாம்பரம் விமானப்படைத் தளம் போன்ற பாதுகாப்புத் துறை வளாகங்களின் பக்கம் மட்டும், எத்தனை அரிய பறவை வந்தமர்ந்தாலும், கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே வேண்டாம்.

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் பொது இடங்களில் கேமரா பயன்படுத்தக் கூடாது என்று சங்கத்தார் அறிவிப்பு ஒட்டிவிட்டனர். நான் படமெடுத்ததெல்லாம் அங்கிருக்கும் மாமரத்துப் பறவைகளை மட்டுமே.
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்.

பதில்: வளாகத்துக்குள் சங்கத்தின் முடிவுக்குக் கட்டுப்படத்தான் வேண்டும். கேமராவைச் சிறிது காலம் உள்ளே வைத்துவிட்டு, காகிதமும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். 2015 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று, கண்ட பறவைகளைக் குறித்தால் போதும். குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டு எண்ணி, பட்டியலை அதே அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அதன் பிறகு அனுமதி கேட்டால், கேட்பவர் யார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

கேள்வி: எங்கள் பால்கனியை நோக்கி ஓர் இளைஞர் நீண்ட லென்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, துணிக்கொடியில் தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது என்றார். கூடு இருப்பது உண்மைதான். ஆனாலும் அவரை நம்பலாமா?
— இல்லத்தரசி, மதுரை.

பதில்: கீழே வந்து, படங்களைக் காட்டுங்கள் தம்பி என்று கேளுங்கள். உண்மையாகவே பறவையைப் படமெடுப்பவரிடம் ஒரே சிட்டின் ஒரே கோணப் படம் குறைந்தது ஐம்பது இருக்கும். அவற்றில் நாற்பது கலங்கியிருக்கும். (என் அனுபவத்தில் இதைவிட நம்பகமான சான்று வேறில்லை.) காட்ட மறுத்தாலோ, திரையை உங்களிடமிருந்து திருப்பிக்கொண்டாலோ காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் தெரிவிக்கத் தயங்க வேண்டாம். படங்கள் சரியாகவே இருந்தாலும், உங்களுக்கு ஒப்பில்லை என்றால் இனி வர வேண்டாம் என்று சொல்லலாம். நல்ல பிள்ளையாக இருந்தால் போய்விடுவார்.

கூட்டை மட்டும் தொந்தரவு என்று அகற்றிவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ குலைப்பதும் வேட்டையாடுதல் என்ற வரையறைக்குள் வருகிறது. அடைகாக்க இரண்டு வாரம், குஞ்சுகள் பறக்க மேலும் இரண்டு வாரத்துக்குச் சற்று அதிகம். அதுவரை கொடியின் அந்த முனையில் ஈரத்துணி போடாமல் மறுமுனையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.