சிவப்புக் கோட்டுக்காரனும் ஈரோட்டுக் கல்லாவும்

சென்ற இதழில் ஒரு வாசகர், "இத்தனை வருடமாக வீடியோ கேம் பற்றிப் பதில் எழுதுகிறீர்களே, உங்களுக்குப் பிடித்த கேம் எது?" என்று கேட்டிருந்தார். "டெவில் மே க்ரை" என்று மூன்றே சொல்லில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். வம்பை விலைக்கு வாங்கியது மாதிரி ஆயிற்று. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். சரி, இந்த இதழ் முழுக்க அதுவே இருக்கட்டும். கிரிக்கெட் கேம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெயரைக் கேட்டாலே பேய்க்கதை மாதிரி இருக்கிறது. என் பேரன் விளையாடலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், திண்டுக்கல்)

பதில்: பேரனுக்கு என்ன வயது என்று எழுதவில்லையே ஐயா. பதினேழு ஆகவில்லை என்றால் வேண்டாம், ரத்தம் கொஞ்சம் அதிகம். மற்றபடி பயமுறுத்துகிற கேம் இல்லை. நாயகன் பெயர் டான்டே. அப்பா ஸ்பார்டா பிசாசு, ஆனால் மனிதர்கள் பக்கம் நின்று தன் இனத்தையே எதிர்த்தவர். அம்மா ஈவா மனுஷி. மகனுக்கு வெள்ளை முடி, சிவப்புக் கோட்டு, முதுகில் ஒரு பெரிய வாள், எபனி, ஐவரி என்று கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு துப்பாக்கிகள். பிசாசு ஒழிப்பதைத் தொழிலாக வைத்துக் கடை நடத்துகிறான். அந்தக் கடையின் பெயர்தான் கேமின் பெயர். வியாபாரம் சுமார்தான். ஐந்தாம் பாகத்தில் கடைக்குக் கரண்டையே வெட்டிவிட்டார்கள். ஆனாலும் பீட்சாவுக்கு மட்டும் எங்கிருந்தோ பணம் வந்துவிடும்.

கேள்வி: வேறொரு கேமுக்காக ஆரம்பித்த வேலை பாதியில் டெவில் மே க்ரையாக மாறியது என்கிறான் என் நண்பன். உண்மையா? (கல்லூரி மாணவர், சேலம்)

பதில்: உண்மைதான். ஒசாகாவில் இருக்கும் கேப்காம் நிறுவனம் ரெசிடென்ட் ஈவில் நான்காம் பாகத்தை எடுக்கும் பொறுப்பை ஹிடேகி காமியாவிடம் கொடுத்தது. 1998இல் அதன் இரண்டாம் பாகத்தை இயக்கியவர் அவர். ரெசிடென்ட் ஈவில் என்றால் குண்டை எண்ணி எண்ணிச் சுட வேண்டும், கதவைத் திறக்கவே கை நடுங்க வேண்டும். இவருக்கோ நாயகன் ஸ்டைலாக, அசகாயசூரனாக இருக்க வேண்டும். அவருடைய குழு இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் போய்ப் பதினொரு நாள் சுற்றி, பழைய சிலைகள், செங்கல் சுவர்கள், கல் பாவிய தெருக்கள் என்று படம் பிடித்து வந்தது. முதல் பாகத்தில் வரும் மாலட் தீவுக் கோட்டையின் சுவரைத் தொட்டால் சில்லென்று இருக்கும்போல் தோன்றுவதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். வேலை வளர வளர ரெசிடென்ட் ஈவில் சாயலே இல்லாமல் போயிற்று. தயாரிப்பாளர் ஷின்ஜி மிகாமி அதை நிறுத்தாமல், வேறு பெயரில் தனிக் கேமாக வெளியிடலாம் என்றார். டோனி என்று இருந்த நாயகன் டான்டே ஆனான். 2001 ஆகஸ்டில் ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2க்கு வெளிவந்தது.

இதில் எனக்குப் பிடித்தது இன்னொரு சங்கதி. அதே நிறுவனம் அப்போது எடுத்துக்கொண்டிருந்த ஒனிமுஷா கேமைச் சோதித்துப் பார்த்தபோது அதில் ஒரு கோளாறு. வெட்டிக்கொண்டே இருந்தால் எதிரி கீழே விழாமல் அந்தரத்திலேயே நிற்கிறான். அங்கே அது பிழை. காமியா அதைப் பார்த்துவிட்டுத் தன் கேமுக்கு எடுத்துக்கொண்டார். பிசாசை வாளால் மேலே எற்றி, கீழே விழவிடாமல் துப்பாக்கியால் சுட்டுக்கொண்டே நிற்பது டெவில் மே க்ரையின் அடையாளமாகிவிட்டது.

கேள்வி: நீங்கள் பெண். அந்தக் காலத்தில் கேம் சென்டருக்குப் போக வீட்டில் எப்படி விட்டார்கள்? (வாசகி, கரூர்)

பதில்: போக விடவில்லை, வேலைக்கு அனுப்பினார்கள்! ஈரோட்டில் பெரியம்மா பையன் கேம் சென்டர் வைத்திருந்தார். மாடிப்படிக்குக் கீழே நீளமான ஓர் அறை, நாலு டிவி, நாலு பிளேஸ்டேஷன் 2, எட்டு பிளாஸ்டிக் நாற்காலி. மணிக்கு 20 ரூபாய். 2006 கோடை விடுமுறையில் அண்ணன் இன்னொரு வேலையாக அலைந்துகொண்டிருந்ததால், "பாப்பா கல்லாவுல உக்காரட்டும், காசு வெளிய போகாது" என்று பெரியம்மா சொல்லிவிட்டார். நோட்டில் பையன் பெயர், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் எழுத வேண்டும். ஐந்து நிமிஷத்துக்காக அரை மணி நேரம் சண்டை போடுவார்கள்.

டிஸ்க் எல்லாம் திருட்டு டிஸ்க்தான், மறைப்பானேன். மார்க்கர் பேனாவால் பெயர் எழுதி ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டிருக்கும். மல்யுத்தம், கார் ரேஸ், திருட்டு வண்டியில் ஊர் சுற்றுவது, இந்த மூன்றுக்கும்தான் கிராக்கி. "டெவில் 3" என்று எழுதிய டிஸ்க் மட்டும் கீறலே விழாமல் கிடந்தது. யாராவது போடுவார்கள், பத்து நிமிஷத்தில் மூன்று தடவை சாவார்கள், "அக்கா, வேற போடுங்க" என்பார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. ஜப்பானில் "ஹார்ட்" என்று இருந்த அளவைத்தான் வெளிநாட்டுப் பதிப்பில் "நார்மல்" என்று வைத்திருந்தார்கள் என்று பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

கடை பத்து மணிக்கு. நான் ஒன்பதுக்கே போய்ப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிடுவேன். மீதி நேரம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அந்த டிஸ்க்கைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். ஆரம்பக் காட்சியில் டான்டே தன் கடையில் பாட்டுப் பெட்டியைத் தட்டுவான், பாடாது. ஓங்கி ஒரு குத்து விடுவான், பாடும். எங்கள் கடையில் மூன்றாம் நம்பர் டிவியை அண்ணன் அப்படித்தான் ஓட்டுவார். அந்த ஓர் இடத்திலேயே கேம் எனக்குச் சொந்தமாகிவிட்டது.

கேள்வி: எதிரியைக் கொன்றால் போதாதா? ஓரத்தில் எழுத்து எழுத்தாக மார்க் போடுகிறதே, எதற்கு?

பதில்: எழுதியவர் ஊர் போடவில்லை, ஆனால் நல்ல கேள்வி. கேமின் உயிரே அங்கேதான் இருக்கிறது. மூன்றாம் பாகத்தில் டி, சி, பி, ஏ, எஸ், இரட்டை எஸ், மூன்று எஸ் என்று ஏறும். ஒரே வெட்டைத் திரும்பத் திரும்ப வெட்டினால் ஏறாது. வாள், துப்பாக்கி, பாய்ச்சல், எற்றல் என்று மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். அடி வாங்கினால் இறங்கும், சும்மா நின்றாலும் இறங்கும். ஆனால் எதிரி முன்னால் நின்று செலக்ட் பட்டனை அமுக்கி நக்கல் செய்தால் ஏறும்! வேறு எந்தக் கேமில் நக்கலுக்கு மார்க் உண்டு?

நான் இரண்டு வாரம் டி, சி தாண்டவில்லை. எனக்குத் தெரிந்தது வாள் வீசும் முக்கோணப் பட்டன்தான், முக்கோணம் முக்கோணம் முக்கோணம். ஒரு நாள் ஆர்1 பட்டனைப் பிடித்துக்கொண்டு குச்சியைப் பின்னால் இழுத்து முக்கோணத்தை அமுக்கினேன். பிசாசு மேலே பறந்தது. அமுக்கிய பட்டனை விடாமல் பிடித்ததில் டான்டேயும் கூடவே ஏறிப் போனான். இரண்டு பேரும் அந்தரத்தில். பதற்றத்தில் சதுரப் பட்டனைத் தட்டினேன், துப்பாக்கி வெடித்தது. விழவில்லை! ஷட்டருக்கு வெளியே குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பையன், "அக்கா, எஸ் வந்துருச்சு!" என்று கத்தினான். அன்றிலிருந்து ஒன்பதரைக்கே நாலைந்து பேர் வெளியே நிற்க ஆரம்பித்தார்கள். விளையாட இல்லை, பார்க்க. பார்ப்பதற்கு அண்ணன் காசு வாங்கச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார்கள்.

கேள்வி: இரண்டாம் பாகம் எப்படி? (வாசகர், நெய்வேலி)

பதில்: 2003. அடுத்த கேள்வி.

கேள்வி: மூன்றாம் பாகத்தில் மூன்று தலை நாயிடம் ஒரு வாரமாகச் சாகிறேன். வழி சொல்லுங்கள். (வாசகர், வேலூர்)

பதில்: அது செர்பரஸ். நம் கடைப் பையன்கள் டிஸ்க்கை மாற்றச் சொன்னதும் அதனிடம்தான். உடம்பெல்லாம் பனிக்கட்டிக் கவசம் இருக்கும், முதலில் அதை உடைக்க வேண்டும். சங்கிலியில் கட்டிய நாய்தானே, எட்ட நின்று காலில் இருக்கும் பனியைச் சுட்டு உடையுங்கள். பனி போனதும் சாய்ந்துவிடும், அப்போது ஓடிப்போய்த் தலைகளை வெட்டுங்கள். அது ஊளையிட்டால் மேலிருந்து பனி விழும், ஒரே இடத்தில் நிற்காதீர்கள். ஜெயித்தால் அதன் ஆன்மாவே மூன்று துண்டு நஞ்சக்காக, அதாவது சங்கிலியால் கோத்த தடியாக மாறி உங்கள் கைக்கு வரும். அதைச் சுழற்றிப் பார்த்த பிறகு இந்த ஒரு வாரம் மறந்துபோகும்.

கேள்வி: டான்டேயா, வெர்ஜிலா? ஹாஸ்டலில் இதற்காக அடிதடியே நடக்கிறது. (மாணவர்கள், கோவை)

பதில்: வெர்ஜில் டான்டேயின் இரட்டை. நீலக் கோட்டு, யமாட்டோ என்ற வாள், துப்பாக்கியைத் தொட மாட்டான், வேண்டாத ஒரு வார்த்தை பேச மாட்டான். இறந்துபோன அம்மா இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரு தாயத்தின் பாதியைக் கொடுத்திருக்கிறாள். வலிமை வேண்டும் என்று அந்த இன்னொரு பாதிக்காக வெர்ஜில் தம்பியையே வெட்டுகிறான். முதல் சண்டை கோபுர உச்சியில், கொட்டும் மழையில். அங்கே நான் முப்பது தடவையாவது செத்திருப்பேன். கடைசிச் சண்டையில் தோற்று, பிசாசு உலகத்துக்குள் விழப் போகிறான். டான்டே பிடிக்கக் கை நீட்டுகிறான். அந்த உள்ளங்கையிலேயே ஒரு கீறல் போட்டுவிட்டு, தன் பாதித் தாயத்தோடு விழுந்துவிடுகிறான்.

நான் மூன்றை முடித்துவிட்டுத்தான் ஒன்றைப் போட்டேன். மூன்று கதைப்படி முந்தியது, வெளிவந்தது 2005இல். முதல் பாகத்தில் நெலோ ஆஞ்சலோ என்று கறுப்புக் கவசம் போட்ட ஒரு வீரன் வருவான். டான்டேயின் கழுத்தைப் பிடித்துத் தூக்கி முடிக்கப் போகிறவன், மார்பில் தொங்கும் தாயத்தைப் பார்த்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவான். பின்னால் அவனைக் கொன்ற இடத்தில் தாயத்தின் இன்னொரு பாதி கிடக்கும். 2001இல் விளையாடியவர்களுக்கு அது ஒரு திருப்பம். எனக்கோ, அந்தக் கவசத்துக்குள் யார் என்று முதல் சண்டையிலேயே தெரிந்துபோயிற்று. தெரிந்துகொண்டே அடிக்க வேண்டியிருந்தது. ஆகவே கோவைத் தம்பிகளே, எனக்கு வெர்ஜில்தான்.

கேள்வி: பிசாசும் அழலாம் என்று பெயர். நீங்கள் அழுதீர்களா? (வாசகி, மயிலாடுதுறை)

பதில்: ஒரு தடவை. வெர்ஜிலுக்காக இல்லை, மெமரி கார்டுக்காக. விளையாடி முடித்ததைச் சேமித்து வைக்கும் 8 எம்பி கார்டு. கடையில் எல்லாருக்கும் பொதுவாக நாலு கார்டு. கார் ரேஸில் சேமிக்க இடமில்லை என்று ஒரு பையன் எதையோ அழித்திருக்கிறான். இருபது கட்டங்களில் பத்தொன்பதை முடித்து வைத்திருந்தேன். அவன் எந்தப் பையன் என்று நோட்டில் பார்த்துக் கண்டுபிடித்தேன். திட்ட மனசு வரவில்லை, பாவம், ஆறாம் வகுப்பு. மூன்றாம் பாகத்தின் முடிவில் டான்டேயின் கண்ணில் நீரைப் பார்த்து, லேடி என்ற பிசாசு வேட்டைக்காரி அழுகிறாயா என்று கேட்பாள், அவன் மழை என்பான். அங்கே மழை நின்றுபோய்விட்டிருக்கும். அண்ணன் என்னிடம் கேட்டபோது நான் டிவி துடைத்த தூசி என்றேன்.

கேள்வி: நான்கு, ஐந்து பற்றி ஒரு வரி? (வாசகர், ஓசூர்)

பதில்: ஓசூரில் வண்டி பற்றி உங்களுக்கு நான் சொல்லவா? 2008இல் வந்த நான்காம் பாகத்தில் நீரோ என்ற புதுப் பையனின் வாளுக்குப் பைக் மாதிரி ஆக்ஸிலேட்டர் உண்டு. வெட்டு விழும் கணத்தில் சரியாக முறுக்கினால் அடுத்த வெட்டு தீயாக விழும். அந்தச் சத்தத்துக்காகவே விளையாடலாம். ஆனால் பாதிக்கு மேல் டான்டே வந்து, நீரோ போன வழியிலேயே திரும்பி நடக்கிறான். காசு மிச்சம் பிடித்திருக்கிறார்கள் என்று அப்பட்டமாகத் தெரியும். 2013இல் இங்கிலாந்துக் குழு ஒன்று கறுப்பு முடி டான்டேயை வைத்துப் புதிதாக எடுத்தது. ரசிகர்கள் முடிக்காகவே திட்டித் தீர்த்தார்கள். சண்டை அவ்வளவு மோசமில்லை.

ஐந்தாம் பாகம் 2019 மார்ச்சில் வந்தது. இதில் டான்டே பைக்கையே இரண்டாகப் பிளந்து இரண்டு கையில் ஆயுதமாகச் சுற்றுகிறான், இதற்கு மேல் என்ன வேண்டும்? ஒரு நுட்பம் சொல்கிறேன். மார்க் ஏற ஏறப் பின்னணிப் பாட்டும் மாறும். டியில் முனகிக்கொண்டிருக்கும் பாட்டு, எஸ் வந்தால் பல்லவியை எடுத்துவிடும். அடி வாங்கினால் அடங்கிவிடும். வீட்டில் ஹெட்போன் போட்டுக்கொண்டு தனியாக விளையாடும்போது, பல்லவி எழுந்ததும் ஷட்டருக்கு வெளியிலிருந்து கத்திய பையன்தான் ஞாபகம் வந்தான்.

கேள்வி: இப்போது புதிதாக ஆரம்பிப்பவர் எங்கே தொடங்கலாம்? (வாசகர், தூத்துக்குடி)

பதில்: முதல் மூன்று பாகங்களும் ஒரே தொகுப்பாக 2018இல் கம்ப்யூட்டருக்கும் பிளேஸ்டேஷன் 4க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் வந்திருக்கின்றன. மூன்றில் தொடங்குங்கள், அப்புறம் ஒன்று, அப்புறம் நான்கு, ஐந்து. இரண்டில் எட்ட நின்று துப்பாக்கி பட்டனை அமுக்கிக்கொண்டே இருந்தால் பெரிய பிசாசுகூடச் செத்துவிடும், டான்டே வாயே திறக்க மாட்டான். பாதியில் கைமாறி, கடைசிக் கட்டத்தில் ஹிடேகி இட்சுனோவிடம் வந்த வேலை அது. அந்த மனிதர்தான் அப்புறம் மூன்று, நான்கு, ஐந்து மூன்றையும் எடுத்தார் என்பதால் மன்னித்துவிட்டேன். தொகுப்பின் மெனுவில் ஒன்றுக்கும் மூன்றுக்கும் நடுவில் அது இருக்கும். பார்க்காத மாதிரி தாண்டிப் போய்விடுங்கள்.